பேச்சில் உருளும் பொம்மைகள்

கேள்வி: ஐயா, என் மகள் ரஷ்யாவில் கீரவ் என்ற ஊரில் மருத்துவம் படிக்கிறாள். இந்த விடுமுறைக்கு வந்தபோது ஒரு மத்ரியோஷ்காவும், வெள்ளைப் பூச்சின் மேல் புள்ளியும் வட்டமுமாகத் தீட்டிய ஒரு மண் பொம்மையும் கொண்டுவந்தாள். அங்கே வகுப்பில் யாராவது அசட்டையாக இருந்தால், ‘நாம் இங்கே பிரியுல்கி ஆடிக்கொண்டிருக்கவில்லை’ என்று ஆசிரியை அதட்டுவாராம். தேர்வில் விழுந்து விழுந்து எழுந்த ஒரு பையனுக்கு ‘வான்கா-வ்ஸ்தான்கா’ என்றே பட்டப்பெயராம். இரண்டும் விளையாட்டுச் சாமான் பெயர் என்கிறாள். ஆனால் மத்ரியோஷ்காவை வைத்து ஒரு பழமொழியும் அவள் காதில் விழவில்லையாம். அவ்வளவு பழைய பொம்மைக்குப் பழமொழி இல்லாமலா இருக்கும்? ரஷ்யர்களின் பேச்சில் பொம்மைகள் இப்படிக் கலந்து கிடப்பது ஏன்? நம் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை அங்கிருந்து வந்ததா, இங்கிருந்து போனதா? கடைசியாக ஒன்று: அந்த மண் பொம்மையை இந்த வருஷக் கொலுவில் வைக்க ஆசை. ஈரத்துணியால் துடைக்கலாமா?

— வாசகி, திருநெல்வேலி

பதில்: கடைசிக் கேள்விக்கு மட்டும் உடனே பதில்: துடைக்காதீர்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன், கையில் துணியோடு காத்திருக்க வேண்டாம்.

மத்ரியோஷ்காவுக்கு வருவோம். உங்கள் மகள் காதில் பழமொழி விழாததற்குக் காரணம், அந்தப் பொம்மை உண்மையில் பழையதே இல்லை. அது பிறந்தது 1890களில். மாஸ்கோவில் அனத்தோலி மாமந்தவ் குடும்பத்தார் ‘குழந்தைக் கல்வி’ என்ற பெயரில் ஒரு பொம்மைப் பட்டறையும் கடையும் நடத்திவந்தார்கள். அங்கே வஸீலி ஸ்வியோஸ்தச்கின் என்ற கடைசல்காரர் மரத்தைக் கடைந்தார். செர்கேய் மல்யூதின் என்ற ஓவியர் வண்ணம் தீட்டினார். மொத்தம் எட்டு உருவம். எல்லோருக்கும் வெளியே, கையில் கறுப்புச் சேவலை அணைத்த பெண். எல்லோருக்கும் உள்ளே, துணியில் சுற்றிய கைக்குழந்தை. 1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சிக்குப் போய் வெண்கலப் பதக்கம் வாங்கிய பிறகுதான் வெளிநாட்டு ஆர்டர்கள் குவிந்தன. அந்த முதல் பொம்மை செர்கியெவ் பசாத் நகரின் பொம்மை அருங்காட்சியகச் சேகரிப்பைச் சேர்ந்தது.

ஜப்பானிலிருந்து வந்த ஒரு வழுக்கைத் தலை முனிவர் பொம்மையைப் பார்த்துத்தான் இதைச் செய்தார்கள் என்று ஒரு கதை உண்டு. ஆராய்ச்சியாளர்கள் இதில் ஒத்துப்போவதில்லை. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் மர முட்டைகளை ரஷ்யக் கடைசல்காரர்கள் அதற்கு முன்பே ஈஸ்டர் பண்டிகைக்காகச் செய்துவந்தார்கள். ஆகவே கை பழகிய வேலைதான். முகம் மட்டும் புதிது. பெயரும் ஊர்ப்பெயர்தான். மத்ரியோனா என்பது அன்றைக்குக் கிராமத்துக்கு நான்கு பெண்களுக்காவது இருந்த பெயர். அதை உரிமையோடு குறுக்கிக் கூப்பிட்டால் மத்ரியோஷ்கா.

செய்முறையில் ஓர் அழகு உண்டு. லிண்டன் மரத்தை வசந்தத் தொடக்கத்தில் வெட்டி, ஓரிரு வருஷம் நிழலில் உலரவிட்டுத்தான் கடைசலுக்கு ஏற்றுவார்கள். முதலில் பிறப்பது ஆகச் சின்னது, திறக்காத குட்டி. அதன் அளவுக்கு அடுத்ததின் கீழ்ப்பாதி, பிறகு மேல்பாதி. தாய்க்குள் பிள்ளை என்று நாம் சொல்கிறோம்; பட்டறையில் பிள்ளைக்கு மேல்தான் தாய் வளர்கிறாள். வண்ணம் ஏறாத வெள்ளை மரத்தை அந்தத் தொழிலில் ‘பெல்யோ’ என்பார்கள். வெளுத்த துணி, உள்ளாடை என்று பொருள் தரும் சொல் அது. கடைசலுக்கு ஏற்றும் மரக்கட்டை ‘பல்வான்கா’. இந்தச் சொல்லை உங்கள் மகளின் ஆசிரியை வேறு பொருளில் பயன்படுத்தியிருப்பார்: கம்ப்யூட்டர் காலத்தில் ஒன்றும் பதியாத வெற்று சிடியை ரஷ்யர்கள் பல்வான்கா என்றுதான் கேட்டு வாங்கினார்கள். அதே வேரில் வரும் ‘பல்வான்’ என்றால் மரமண்டை.

மத்ரியோஷ்காவால் பேச்சுக்கு வந்த வரவு அவ்வளவு பெரிதில்லை. அளவுக்கு மீறி முகப்பூச்சு பூசிய பெண்ணை ‘மத்ரியோஷ்கா மாதிரி தீட்டிக்கொண்டு வந்திருக்கிறாள்’ என்பார்கள். ஒரு நிறுவனத்துக்குள் இன்னொரு நிறுவனம், அதற்குள் வேறொன்று என்று உரிமையாளர் யார் என்றே தெரியாதபடி அடுக்கினால் பத்திரிகைகள் ‘மத்ரியோஷ்கா முறை’ என்று எழுதும். சோவியத் ஒன்றியம் ஆட்டம் கண்ட காலத்தில் கர்பச்சேவுக்குள் பிரெஷ்னேவ், அவருக்குள் குருஷ்சேவ், ஸ்டாலின், கடைசியில் சுண்டுவிரல் அளவு லெனின் என்று தெருவெங்கும் விற்றார்கள். அவ்வளவுதான். அயல்நாட்டானுக்கு ரஷ்யா என்றாலே கண்முன் நிற்கும் பொம்மை, ரஷ்யனின் நாக்கில் அதிகம் உட்காரவில்லை.

நாக்கில் உட்கார்ந்தவை வேறு வகை. அலமாரியில் வைத்துப் பார்க்கும் பொம்மைகள் பேச்சுக்குள் வருவதில்லை என்பது பல வருஷம் ரஷ்ய மொழியோடு புழங்கிய எனக்குத் தோன்றியது. தட்டினால் எழுவது, சாட்டையால் விளாசினால் சுழல்வது, ஊதினால் அலறுவது, கொக்கி போட்டு இழுப்பது என்று குழந்தையின் கைக்கு வேலை கொடுத்தவைதான் வந்திருக்கின்றன. இனி அவற்றைப் பார்ப்போம்.

பிரியுல்கி என்பது சொப்புச் சாமான்களை வைத்து ஆடும் ஆட்டம். நகத்தளவுக்குக் கடைந்த மரக் குடம், கெண்டி, கிண்ணம், சுத்தியல், ஏணி என்று பல டஜன் சாமான்கள் ஒரு சின்னப் பெட்டியில் இருக்கும். மேசையில் கொட்டினால் ஒரு குவியல். மெல்லிய குச்சியின் முனையில் கொக்கி. ஒரு சாமானை மாட்டி வெளியே எடுக்க வேண்டும். பக்கத்தில் இருப்பது ஓர் இழை அசைந்தாலும் ஆட்டம் அடுத்தவருக்குப் போய்விடும். ‘எடுப்பது’ என்ற வினையிலிருந்தே ஆட்டத்துக்குப் பெயர் வந்தது. மாஸ்கோவுக்குத் தெற்கே பதோல்ஸ்க் வட்டாரத்துக் கிராமங்கள் இந்தப் பொடிக் கடைசலுக்குப் பேர்போனவை. மத்ரியோஷ்காவைக் கடைந்த ஸ்வியோஸ்தச்கினும் அந்த வட்டாரத்துக்காரர்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடிசையிலும் ஆடினார்கள், பிரபுக்கள் வீட்டு வரவேற்பறையிலும் ஆடினார்கள். ரஷ்ய இசையமைப்பாளர் அனத்தோலி லியாதவ் 1876இல் பியானோவுக்கு எழுதிய சிறு உருப்படிகளின் தொகுதிக்கே ‘பிரியுல்கி’ என்று பெயர் வைத்தார். பின்னால் சமுயில் மாய்கப்பார் என்பவரும் குழந்தைகளுக்கான தன் தொகுதி ஒன்றுக்கு அதே பெயரைச் சூட்டினார். சென்னையில் மேற்கத்திய பியானோ படிக்கும் பிள்ளைகளில் யாராவது அதில் ஒன்றிரண்டை வாசித்திருக்கக்கூடும்.

பெரியவர்களின் கண்ணில் இது வெட்டிவேலை. மணிக்கணக்கில் குனிந்திருந்து மரக் கெண்டி எடுப்பதில் என்ன லாபம்? அதனால் ‘பிரியுல்கி ஆடுவது’ என்றால் ஒன்றுக்கும் உதவாததில் பொழுதைக் கழிப்பது. அலுவலக மேலாளர், ராணுவ அதிகாரி, பயிற்சியாளர் எல்லோர் வாயிலும் புழங்கும் அதட்டல் அது. ஆனால் உங்கள் மகளின் ஆசிரியை சொல்வதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கை நடுங்காமல், பக்கத்தில் இருப்பதைத் தொடாமல், வேண்டியதை மட்டும் கொக்கியால் எடுப்பது அறுவை சிகிச்சை மருத்துவருக்கு வேண்டிய திறமை. மருத்துவ மாணவர்களைப் பார்த்து ‘பிரியுல்கி ஆடாதே’ என்பது கொஞ்சம் அநியாயம்.

அடுத்தது பம்பரம். ரஷ்யாவில் சாட்டையால் அடித்துச் சுழற்றும் பம்பரத்துக்கு ‘குபார்’ என்று பெயர். மேலே உருளை, கீழே கூம்பு, அவ்வளவுதான் வடிவம். குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேல் விட்டு விளாசினால் நெடுநேரம் சுழன்றுகொண்டே இருக்கும். நோவ்கரத் நகரின் அகழாய்வில் நடுக்கால மண்ணடுக்குகளிலிருந்து இத்தகைய மரப் பம்பரங்கள் ஏராளமாக வெளிவந்திருக்கின்றன. அங்குள்ள ஈர மண் மரத்தை மட்கவிடாமல் காத்திருக்கிறது. ஆயிரம் வருஷம் முன்பு ஏதோ ஒரு பையன் தொலைத்த பம்பரம் இன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. ஆனால் தெருவில் குபார் சுழற்றும் பையனை இப்போது தேடினாலும் கிடைக்க மாட்டான். பொம்மை போய்விட்டது, வேற்றுமை உருபு ஒட்டிய அதன் வடிவம் மட்டும் மொழியில் நின்றுவிட்டது. ‘குபாரெம்’, அதாவது குபாராக, என்றால் உருண்டு புரண்டு. மாடிப்படியில் தலைகீழாக உருண்டு விழுந்தவன் ‘குபாரெம்’ விழுந்தான். பனிச்சரிவில் சறுக்கு வண்டி கவிழ்ந்தால் குழந்தைகள் ‘குபாரெம்’ கீழே வருவார்கள். சொல்பவர்களில் பெரும்பாலோருக்குக் குபார் என்றால் என்னவென்று தெரியாது. கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள்.

குபாரின் தம்பிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். ‘யூலா’ என்பது ரீங்காரமிட்டுச் சுற்றும் பம்பரம். ஓரிடத்தில் உட்காராத பிள்ளை எல்லா வீட்டிலும் யூலாதான். ‘வல்ச்சோக்’ என்ற இன்னொன்று தொலைக்காட்சி நட்சத்திரமே ஆகிவிட்டது. 1975இல் தொடங்கி இன்றும் ஓடும் ‘என்ன? எங்கே? எப்போது?’ என்ற அறிவுப்போட்டியில் வட்ட மேசையின் நடுவே அம்புக்குறியோடு ஒரு வல்ச்சோக் சுற்றும். அது நின்று காட்டும் இடத்துக் கடிதத்தைப் பிரித்து, அதை அனுப்பிய நேயரின் கேள்வியைக் கேட்பார்கள்.

எலும்பு ஆட்டத்தையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆடுமாடுகளின் கணுக்கால் எலும்பைச் சுத்தம் செய்து வரிசையாக நிறுத்தி, தூரத்திலிருந்து எறிந்து வீழ்த்துவார்கள், பெயர் ‘பாப்கி’. எலும்புகள் நிற்கும் வரிசைக்கு ‘கோன்’ என்று பெயர். இன்று தேர்தலில் ஒருவரின் அரசியல் வாழ்வே பணயம் என்றால் செய்தித்தாள் அது ‘கோனில் இருக்கிறது’ என்று எழுதுகிறது. எறியும் எலும்புக்குக் கனம் வேண்டி உள்ளே ஈயம் ஊற்றுவார்கள், அது ‘ஸ்வின்சாத்கா’. பிற்பாடு ரவுடிகள் கை முஷ்டிக்குள் பிடித்து அடிக்கும் ஈயக்கட்டிக்கும் அதே பெயர் போய்விட்டது. எல்லாப் பிள்ளைகளும் நல்லவர்களாகவே வளர்ந்துவிடுவதில்லை.

இனி வான்கா-வ்ஸ்தான்கா. வான்கா என்பது இவான் என்ற பெயரின் உரிமைக் குறுக்கம். பின்பாதி ‘எழுந்திரு பார்க்கலாம்’ என்ற ஏவல். அடிப்பாகம் அரைக்கோளம், அதற்குள் கனமான ஒரு குண்டு. சாய்த்தால் அதன் ஈர்ப்பு மையம் உயர்கிறது. விட்டதும் பழைய தாழ்ந்த நிலைக்கே திரும்ப வருகிறது. நம் தஞ்சாவூர் ராஜா ராணி பொம்மைகளுக்கும் இயற்பியல் இதுவேதான். ஆனால் யார் யாரிடமிருந்து எடுத்தார்கள் என்று உறவுமுறை சொல்ல ஆதாரம் இல்லை. சீனாவில் ‘விழாத கிழவர்’, ஜப்பானில் தாருமா என்று பல நாடுகளில் இதே உபாயம் இருக்கிறது. எனக்கு இதைவிடச் சுவையாகப்படுவது வேறொன்று. ஒரே பொம்மையிலிருந்து இரண்டு மொழிகள் எதிர்த்திசையில் போயிருக்கின்றன. தமிழில் ஒருவரைத் தலையாட்டிப் பொம்மை என்றால் திட்டுகிறோம்: சொன்னதற்கெல்லாம் ஆமாம் போடுகிறவர், முதுகெலும்பு இல்லாதவர். ரஷ்யர் அதே உருண்டை அடியைப் பார்த்து எழுவதை மட்டும் எடுத்துக்கொண்டார். வான்கா-வ்ஸ்தான்கா என்றால் எத்தனை அடி விழுந்தாலும் நிமிர்பவர். ஆமாம்சாமிக்கு அவர்கள் கடையில் வேறு பொம்மை: ‘சீனத்துப் பல்வான்சிக்’, முன்பெல்லாம் சீனாவிலிருந்து வந்த, தலையை ஆட்டிக்கொண்டே இருக்கும் பீங்கான் உருவம். கூட்டத்தில் மேலதிகாரி சொன்னதற்கெல்லாம் தலையசைப்பவர் அந்தப் பெயரைப் பெறுவார்.

இதிலும் தொனியைக் கவனிக்க வேண்டும். உங்கள் மகளின் வகுப்புத் தோழனுக்கு வைத்த பட்டப்பெயரில் அன்பு இருக்கிறது. ஒவ்வொரு தேர்தலிலும் தோற்று, ஒவ்வொரு முறையும் வேறு கட்சி வழியாகத் திரும்பி வரும் அரசியல்வாதியைச் சொல்லும்போது அதே பெயரில் அலுப்பு இருக்கும். ‘இந்த ஆளை வீழ்த்தவே முடியாதா?’ என்ற அலுப்பு.

சோவியத் காலத்தில் வான்காவுக்கு ஒரு தங்கை பிறந்தாள், ‘நெவல்யாஷ்கா’. சிவப்பு உடம்பு, பெரிய கண், சாய்த்தால் உள்ளே மணி ஒலிக்கும். அந்நாட்டில் அவள் உருளாத வீடு அபூர்வம். 1950களின் பிற்பகுதியில் தம்போவ் மாகாணத்துக் கோத்தவ்ஸ்க் வெடிமருந்து ஆலை அவளைச் செய்யத் தொடங்கியது. வெடிமருந்துக்கும் குழந்தைப் பொம்மைக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். புகையில்லா வெடிமருந்துக்கும் செல்லுலாய்டுக்கும் நைட்ரோ செல்லுலோஸ்தான் தாய்ப்பொருள். போர்க்காலம் போய் ஆலைகளில் பொதுமக்களுக்கான பொருளையும் செய்யச் சொன்னபோது, கையில் இருந்ததை வைத்து அவர்கள் பொம்மை செய்தார்கள்.

இனி உங்கள் மண் பொம்மை. கீரவ் நகரிலிருந்து வந்தது என்று எழுதியிருப்பதால் அது தீம்கவோ பொம்மையாகத்தான் இருக்கும். கீரவின் பழைய பெயர் வியாத்கா; 1934இல் பெயரை மாற்றினார்கள். வியாத்கா ஆற்றின் எதிர்க்கரையில் இருந்த குடியிருப்பு தீம்கவோ. அங்கே பெண்கள் குளிர்காலம் முழுக்கக் களிமண்ணில் ஊதல்கள் செய்வார்கள். ஆடு, குதிரை, வான்கோழி, குடைப் பாவாடை அணிந்த சீமாட்டி, எல்லாம் ஒரு பண்டிகைக்காக.

அந்தப் பண்டிகையின் கதை சோகமானது. நடுக்காலத்தில் ஓர் இரவு, வியாத்கா மக்களுக்குத் துணையாக உஸ்தியுக் ஊர்ப் படை வந்ததாம். இருட்டில் வந்தவர்களைப் பகைவர் என்று நினைத்து ஊரார் வெட்டினார்கள். அவர்களும் திருப்பி வெட்டினார்கள். விடிந்த பிறகுதான் செத்துக் கிடப்பது இருபக்கமும் சொந்தக்காரர் என்று தெரிந்தது. வரலாற்று ஆவணத்தைவிட ஊர் நினைவில்தான் இந்தக் கதை உறுதியாக நிற்கிறது. இறந்தவர்களுக்காகப் பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒரு சிறு வழிபாட்டு மண்டபம் எழுப்பினார்கள். ஈஸ்டருக்குப் பிறகு வரும் நான்காம் சனிக்கிழமை காலையில் அங்கே திதி வழிபாடு. மதியத்துக்கு மேல் அதே இடத்தில் மண் ஊதல்களை ஊதுவதும் ஆடுவதும் குடிப்பதும் கைச்சண்டையும். பண்டிகைக்குப் பெயர் ‘ஸ்விஸ்தப்ளியாஸ்கா’: ‘ஸ்விஸ்த்’ ஊதல் ஒலி, ‘ப்ளியாஸ்கா’ ஆட்டம். துக்கமும் கூத்தும் ஒரே நாளில் எப்படி என்று அயலூர்க்காரர்கள் முகம் சுளித்து எழுதிவைத்திருக்கிறார்கள். பறையும் ஆட்டமுமாகப் பெரியவர்களை வழியனுப்பும் நாட்டில் பிறந்த நமக்கு அது அவ்வளவு விசித்திரமாகப் படாது.

ஊர்ப் பண்டிகையின் பெயர் நாட்டுச் சொல்லானதில் இலக்கியச் சண்டைக்கும் பங்கு உண்டு. ‘சவ்ரெமென்னிக்’ என்ற முற்போக்கு இதழ் 1859 முதல் ‘ஸ்விஸ்தோக்’, அதாவது ‘ஊதல்’, என்ற பெயரில் நையாண்டி இணைப்பு ஒன்றை வெளியிட்டது. அதை நடத்தியவர் தப்ரல்யூபவ். அதில் அடி வாங்கிய வரலாற்றாசிரியர் மிகயீல் பகோதின், 1860இல் அந்தக் குழுவினருக்கு ‘ஸ்விஸ்தப்ளியாஸ்கா வீரர்கள்’ என்று பட்டம் கொடுத்தார். அவர் ஏளனமாகச் சொன்னது நன்றாகவே ஒட்டிக்கொண்டது. நையாண்டி எழுத்தாளர் சல்திகோவ்-ஷெத்ரின் 1848 முதல் 1855 வரை வியாத்காவில்தான் நாடு கடத்தப்பட்டுக் கிடந்தார். அவருக்கு இந்தச் சொல்லை யாரும் விளக்கியிருக்கத் தேவையில்லை. இன்று ரஷ்ய அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் வாரத்தில் கோப்பு பறந்து, தொலைபேசி அலறி, யார் என்ன செய்கிறார்கள் என்று தெரியாமல் ஓடுவார்கள் இல்லையா, அதுதான் ஸ்விஸ்தப்ளியாஸ்கா. உங்கள் மகளின் விடுதியில் ஆய்வு அதிகாரிகள் வரும் நாளிலும் அந்தச் சொல் காதில் விழும். இந்த ஒரு சொல் தான் படிக்கும் ஊரில் பிறந்தது என்பதை மகள் அங்குள்ள தோழிகளிடம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

தீம்கவோ பொம்மைத் தொழில் கிட்டத்தட்ட அழிந்துபோயிருக்க வேண்டியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அச்சில் வார்த்த மலிவான பிளாஸ்டர் பொம்மைகள் சந்தைக்கு வந்ததும் மண் பொம்மைக்காரிகள் ஒவ்வொருவராகக் கைவிட்டார்கள். பழைய முறையில் விடாமல் செய்துவந்தவர் அன்னா மெஸ்ரினா (1853–1938). அலெக்சேய் தென்ஷின் என்ற உள்ளூர் ஓவியர் அவர் வீட்டில் போய் உட்கார்ந்து பார்த்து, பொம்மைகளை வரைந்து, 1917இல் கையாலேயே ஒரு படத்தொகுப்பு தயாரித்து வெளியிட்டார். அதன் பிறகுதான் மற்றவர்களின் கண் அந்தப் பக்கம் திரும்பியது. ஒரு கிழவியின் பிடிவாதமும் ஓர் ஓவியரின் பொறுமையும் இல்லாவிட்டால் உங்கள் கொலுவுக்கு இந்த விருந்தாளி வந்திருக்க மாட்டாள்.

மரப்பாவைகளையும் கைப்பாவைகளையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘பெத்ருஷ்கா’ சிவப்புக் குல்லாயும் நீண்ட மூக்குமாகச் சந்தைகளில் ஆடிய கைப்பாவை. ஆட்டுவிப்பவர் வாய்க்குள் ஒரு சின்ன உலோகப் பீப்பியை வைத்துக்கொண்டு கீச்சுக்குரலில் பேசுவார். போலீஸ்காரர், வைத்தியர், குதிரை வியாபாரி என்று எதிரில் வந்தவரையெல்லாம் தடியால் அடித்துத் தீர்ப்பதுதான் கதை. 1911இல் ஸ்த்ராவின்ஸ்கியின் பாலே வழியாகப் பாரிஸ் வரை போன பேர்வழி. ‘இப்படி ஒரு பெத்ருஷ்கா’ என்றால், எதிர்பாராமல் கோணலாகப் போன விவகாரம். அதே சொல்லுக்குக் கொத்தமல்லி போன்ற ஒரு கீரையும் பொருள். அகராதியில் அதை மட்டும் பார்த்தவர்கள், யாரோ தங்கள் சம்பளப் பாக்கியைப் பற்றி ஏன் கீரை என்கிறார்கள் என்று குழம்புவார்கள்.

‘கூக்லா’ என்றால் வெறும் பொம்மை. ஆனால் பணம் மாற்றும் இடத்தில் யாராவது ‘எனக்குக் கூக்லாவைக் கொடுத்துவிட்டான்’ என்று கத்தினால் பதறிப்போய்ப் பார்க்க வேண்டும். மேலும் கீழும் நல்ல நோட்டு, நடுவில் அதே அளவுக்கு வெட்டிய வெற்றுக் காகிதம். கட்டுக்கட்டி ரப்பர் போட்ட அந்தப் போலிக் கட்டின் பெயர் கூக்லா. 1990களில் ரஷ்யாவில் இருந்தவர்கள் இதைக் கேட்டதும் ஒரு கதை சொல்வார்கள். மகளிடம், தெருவில் டாலர் மாற்ற வேண்டாம் என்று நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சுற்றுலா வழிகாட்டிகளுக்குக் கதை பிடிக்கும். எல்லாச் சொல்லுக்கும் அவர்களிடம் ஒரு பட்டறைக் கதை இருக்கும். ‘பக்லூஷி அடிப்பது’ என்றால் சோம்பித் திரிவது. மரக்கரண்டி செதுக்க முதலில் கட்டையைப் பிளந்து வைப்பார்கள். அந்தத் துண்டு பக்லூஷா. அது சுலபமான வேலை என்பதால் சோம்பலுக்குப் பெயராயிற்று என்பது பாடப்புத்தக விளக்கம். ஆனால் கட்டை பிளப்பது அப்படி ஒன்றும் ஓய்வு இல்லை என்றும், கட்டைகளை அடித்து வீழ்த்தும் ஒரு விளையாட்டிலிருந்து வந்திருக்கலாம் என்றும் மொழியறிஞர் சிலர் மறுக்கிறார்கள். எனக்கு விளையாட்டுக் கட்சிதான் நியாயமாகப் படுகிறது. அதுபோல ‘வான்காவை உருட்டுவது’, அதாவது முட்டாள்போல நடிப்பது, நம் வான்கா-வ்ஸ்தான்கா பொம்மையிலிருந்து வந்தது என்பார்கள். ‘முட்டாளை உருட்டுவது’ என்றும் அதே பொருளில் ஒரு வழக்கு இருப்பதால் நான் உடனே தலையசைக்க மாட்டேன். கதைகளில் வரும் முட்டாள் இவானுக்கும் அதில் பங்கு இருக்கலாம். ஒருவருக்குப் பிடித்த பேச்சை ‘அவருடைய குச்சிக்குதிரை’ என்பதும் ரஷ்யாவுக்கு மட்டும் உரியதில்லை. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாவற்றிலும் அந்தக் குதிரை ஓடுகிறது.

இப்போது துணி விஷயம். தீம்கவோ பொம்மை மரபுப்படி செம்மண் களியும் ஆற்று மணலும் கலந்து சுட்டது. அதன் மேல் வெண்மைக்குப் பாலில் கரைத்த சுண்ணக்கட்டித் தூள். அதன் மேல் முட்டை கலந்த வண்ணம். கடைசியாகப் பொன் நிறத் தகட்டைச் சின்னச் சின்னக் கட்டங்களாக வெட்டி ஒட்டுவார்கள். வார்னிஷ் கிடையாது. ஈரத்துணி பட்டால் வெள்ளையும் வண்ணமும் சேர்ந்து கரையும். உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். திருநெல்வேலியில் கொலு நேரத்தில் மழைச்சாரல் வரும் ஜன்னலோரம் வேண்டாம். விளக்குப் புகையும் எண்ணெய்க் கையும் படாத மேல்படியில் வையுங்கள். எடுக்கும்போது கையையோ குடையையோ பிடித்துத் தூக்காமல் அடியில் கைகொடுத்து எடுங்கள். திருப்பிப் பாருங்கள்: அடியில் செய்தவர் கையொப்பம் இருந்தால் அது பட்டறைப் பொம்மை. ஆடோ குதிரையோ என்றால் வால் பக்கம் ஒரு துளை இருக்கும், ஊதிப் பார்க்கலாம். சீமாட்டி என்றால் பெரும்பாலும் ஊதல் இருக்காது. அவள் பார்க்க மட்டும்.

அடுத்த விடுமுறைக்கு இன்னொரு மத்ரியோஷ்கா வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள். ஒரு பெட்டி பிரியுல்கி கேளுங்கள், இப்போதும் கைவினைக் கடைகளில் கிடைக்கிறது. கடையில் பெட்டியைத் திறந்து கொக்கி இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். அது இல்லாமல் ஆட்டமே இல்லை. வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் பெட்டி எட்டாத உயரத்தில் இருக்கட்டும். எல்லாமே விழுங்கிவிடும் அளவில் இருக்கும்.